நல்லாருக்கேன் என்றவருக்கு விழுந்த பச்சைக் குறி

1

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் இதுவரை விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. பதவியின் பெயரில் ‘பிசினஸ் கன்டினியூட்டி’ என்று இருப்பதால், மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் அண்ணன் பாண்டி, கேட்பவர்களிடமெல்லாம் “தங்கச்சி கனடாவுல பிசினஸ் பண்ணுது” என்று சொல்லி வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் யாராவது வந்து வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்கள். ஒருவர் தன் மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஜாதகம்வரை கொண்டுவந்துவிட்டார்.

நான் இருப்பது ஒரு சமூகசேவை நிறுவனத்தில். தனியாக வாழும் முதியவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, குளிப்பாட்டிவிடுவது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, இவைதான் எங்கள் ‘பிசினஸ்’. கரண்ட் போனாலோ, கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலோ, பனி கொட்டி ஊழியர்கள் வர முடியாமல் போனாலோ, இவற்றில் எது நிற்கலாம், எது நிற்கவே கூடாது, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துத் திட்டம் எழுதி, ஒத்திகை பார்த்து, திருத்திக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் கெட்டதையே நினைப்பதற்குச் சம்பளம். இதைச் சொன்னபோது அம்மா, “நல்ல வாக்கே ஒன் வாயில வராதாடி?” என்று திட்டினாள்.

எங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் மெஷினை நம்பி மூச்சுவிடுகிறவர்களின் பெயர்கள் இருக்கும். கரண்ட் போன உடனே அவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். “நலமாக இருக்கிறீர்களா, மின்சாரம் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் பெயருக்கு நேராகப் பச்சை. இல்லை என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த வீட்டுக்குத்தான் ஆள் போகும். பச்சைக்காரர்களுக்கு மறுநாள் காலையில் இன்னொரு போன், அவ்வளவுதான்.

போனை எடுக்கிறவரிடம் மட்டும் கேட்டால் போதாது, பக்கத்து வீட்டு ஆள் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைப்போம் என்று நான் ஒரு கூட்டத்தில் மன்றாடிப் பார்த்தேன். ஒருவரின் உடல்நிலையை எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார்கள். சம்மதப் படிவம் அனுப்பினோம். முக்கால்வாசிப் பேர் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தன் சீக்கைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லச் சம்மதிக்கிற கிழவர் எந்த நாட்டில் இருக்கிறார்?

2

இந்தச் சித்திரையில் அம்மாவுக்கு வீரபாண்டி அம்மன் கோயிலில் அக்கினிச்சட்டி வேண்டுதல். அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தேன். கணவர் வேலையாக வேறு மாகாணத்தில், மகளுக்குப் பரீட்சை, அதனால் தனியாக. அம்மா மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஆற்றில் குளித்துவிட்டு வரிசையில் நின்றாள். கோயில் முன் நட்ட கம்பத்துக்கு ஊற்றத் தண்ணீர்க் குடங்களோடு ஒரு கூட்டம் இடித்துக்கொண்டு போனது. கொட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற அண்ணன் பேசுவதே கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.

டேனியல் அனுப்பியிருந்தான். நான் இல்லாத நாட்களில் என் வேலையைப் பார்க்கிறவன். நல்ல பையன், எழுதி வைத்ததை எழுத்துப் பிசகாமல் செய்வான். எங்கள் நகரத்தில் அப்போது பின்னிரவு. சூறைக்காற்றில் மரங்கள் விழுந்து ஊரே இருட்டில் கிடக்கிறது, திட்டப்படி எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது, மெஷின்காரர்களில் கரண்ட் இல்லாதவர்களைத் தேடி ஆள் போயாயிற்று, மற்றவர்கள் பச்சை, நீ திருவிழாவைப் பார், என்று எழுதிப் பட்டியலையும் இணைத்திருந்தான்.

பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். சுருளியாண்டி என்ற பெயருக்கு நேராகப் பச்சை. ‘நலம். மின்சாரம் உள்ளது.’

அவர் தெருவில் இருக்கும் மற்ற மெஷின்காரர்கள் எல்லோருக்கும் சிவப்பு. அந்தத் தெருவே இருட்டு. இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது கரண்ட்?

சுருளியாண்டி கம்பத்துக்காரர். தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மகனோடு கனடா வந்தார், மகன் வேலை மாறித் தூர ஊருக்குப் போனபோது பழகிய டாக்டரை விட்டுப் போக மனமில்லாமல் தனியாகத் தங்கிவிட்டார். நுரையீரல் கெட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடும். நான் மார்க்கையன்கோட்டை என்று தெரிந்த அன்று, “அப்ப நீ எனக்கு மக முறை, சார் மோர்னு கூப்பிட்டா கதவத் தொறக்க மாட்டேன்” என்றார். அன்றிலிருந்து பெரியப்பா. இப்படி முறை சொல்லிப் பழகுவதற்கும் எங்கள் ஆபீசில் ஒரு படிவம் உண்டு, நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. கம்பத்திலிருந்து தேனிவரை உள்ள நிறுத்தங்களை ஒரே மூச்சில் சொல்லுவார். ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டும் சொல்லிக் காட்டியிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, “டாக்டரு எனக்கு நொரையீரலு இல்லங்கிறான், கேட்டுக்க” என்பார்.

3

டேனியலைக் கூப்பிட்டேன். கோயிலைச் சுற்றி லட்சம் போன்கள், ஒன்றிலும் லைன் கிடைக்கவில்லை. அம்மாவின் முறை வர இன்னும் ஐம்பது பேர்கூட இல்லை. சட்டி எடுத்து முடிக்கும்வரை மகள் கூடவே வருவாள் என்பது அம்மாவின் ஆசை. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்து அவளே கேட்டாள்.

“என்னடி, மூஞ்சி செத்துக் கெடக்கு?”

சொன்னேன்.

“அங்கன ஒரு உசுரு கெடக்குதுங்குற, இங்கன நின்னுக்கிட்டு என்ன செய்யப் போற? சட்டி ஏங்கையிலதான இருக்கு. ஏலே பாண்டி, இவள வண்டில ஏத்திட்டுப் போ.”

தேனிச் சாலையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணன் வண்டியை உருட்டினான், பிறகு ஓட்டினான். பழனிசெட்டிபட்டி நெருங்கும்போது போனில் சிக்னல் கோடுகள் வந்தன. ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

டேனியல் உடனே எடுத்தான். சுருளியாண்டியைச் சிவப்பாக மாற்று, ஆள் அனுப்பு என்றேன். அவர் தன் வாயாலேயே நலம் என்றாரே, எதை வைத்து மாற்றுவது என்று கேட்டான். சாலையெல்லாம் மரம், இருக்கிற இரண்டு வண்டியும் சிவப்பு வீடுகளுக்குப் போயிருக்கின்றன, பச்சைக்கு அனுப்பினால் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது? அவன் கேட்டது அத்தனையும் நியாயம். அந்த விதியை எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அவனுக்கு எப்படி விளக்குவது? எங்கள் பக்கத்தில் போனில் ‘நல்லாருக்கேன்’ என்பது பதிலே கிடையாது. வாசலில் வந்தவரை ‘வாங்க’ என்பது போல அது ஒரு மரியாதை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் பேசும்போது அது இன்னும் கூடும். என் அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களோடு படுத்திருந்த நாட்களில் நான் தினமும் பேசினேன். “நல்லாருக்கேன்த்தா. வயலுக்குக் கெளம்பிட்டேன், மடை தொறக்கணும்” என்றார். பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்டது, மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை தற்செயலாக என்னோடு பேசி, நான் இன்னும் கிளம்பவில்லையா என்று அதிர்ந்து போனதில்தான் விஷயமே தெரிந்தது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்றுகூடத் தெரியாமல் கோபமாக இருக்கிறேன்.

என் மகளும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். தமிழ் அவளுக்கு வரவில்லை, இது மட்டும் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ‘ஃபைன்’.

4

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

“யாரு... தாயியா? திருவிழாவா?”

நலமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரியும்.

“ஆமா பெரியப்பா. அம்மா சட்டி எடுக்குறாக. ஆமா, என்ன, ஒங்க மெஷினு சத்தத்தயே காணாம்?”

“அதா... அமத்தி வச்சிருக்கேன். எந்நேரமும் கடகடன்னு... தூக்கம் வரல.”

வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினார். அந்த இடைவெளிகளில் வெறும் காற்று இழுபடுகிற சத்தம்.

“பெரியப்பா, இங்கன எங்க அண்ணே நிக்குது. நீங்க ஸ்டாப்பு சொல்றதக் கேக்கணுமாம். ஒரு தடவ சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தேன்.”

மூச்சை இழுத்துச் சேர்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கண்டக்டர் குரல் வந்தது. “கம்பம்... புதுப்பட்டி... அனுமந்தம்...”

பாதிப் பெயரிலேயே நின்றுவிட்டது. உத்தமபாளையம் வரவில்லை. சின்னமனூர் வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அண்ணனின் முகம் மாறிவிட்டது.

“பெரியப்பா, கரண்ட் இல்லதான?”

அவர் இருமத் தொடங்கினார்.

“கட்டிலுக்கு அடியில பச்சை சிலிண்டர் ஒன்னு இருக்குமே, அதத் தொறந்தீகளா?”

“அது... எதுக்கு? அது அவசரத்துக்குன்னு... குடுத்தாகல்ல. வச்சிருக்கேன்.”

சீல்கூடப் பிரிக்கவில்லையாம். இதைவிடப் பெரிய அவசரம் ஒன்று வரும், அன்றைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று இருட்டில் மூச்சுக்கு அடித்துக்கொண்டு அதன்மேலேயே படுத்திருக்கிறார்! நல்ல சேலையைக் கட்டாமலேயே பெட்டியில் வைத்திருக்கும் ஜனங்கள் நாம். எனக்குத் திட்டவேண்டும் போலவும் அழவேண்டும் போலவும் இருந்தது. குனிந்து எடுங்கள், கழுத்தில் ஒரு சாவி தொங்கும், அதை இடப்பக்கம் திருகுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. அதற்குப்பிறகு இழுப்பு மட்டும்தான் கேட்டது. “பெரியப்பா, பெரியப்பா” என்று கத்தினேன். தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த நாட்டு அவசர எண்ணை இங்கிருந்து கூப்பிட முடியாது. டேனியலுக்குச் செய்தி அனுப்பினேன். இந்த முறை அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, சிவப்பாக மாற்றி ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். அவர்களுக்கும் மரங்கள் குறுக்கே. எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பெரியப்பாவின் எதிர்க்கதவு ரோசாவுடையது. பிலிப்பைன்ஸ்காரப் பெண், ஒரு பேக்கரியில் வேலை. மாடிப்படியில் பார்த்துப் பழகி எப்போதோ எண் கொடுத்திருந்தாள். ஆபீஸ் கணக்கில் அந்த எண் இல்லை, இருக்கவும் கூடாது. பெரியப்பா ‘வேண்டாம்’ கட்டத்தில் குறி போட்டவர். மெஷின் எதற்கு என்று ரோசா ஒருமுறை கேட்டதற்கு, “ஏசி” என்று சொன்னவர்.

அண்ணனின் போனை வாங்கி வாட்ஸ்அப்பில் ரோசாவைக் கூப்பிட்டேன். அவருக்கு என்ன நோய், மெஷின் எதற்கு, சிலிண்டர் எங்கே, எல்லாவற்றையும் சொன்னேன். நான் காவல் காக்கச் சம்பளம் வாங்குகிற விதிகளை ஒவ்வொன்றாக நானே மீறுவது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக நினைத்ததாகச் சொல்லமாட்டேன். போய்விடுமே என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

என் ஒரு காதில் பெரியப்பாவின் லைன் திறந்திருந்தது, இன்னொரு காதில் ரோசா. அவள் கதவைத் தட்டுவது இரண்டு போனிலும் கேட்டது. கதவு பூட்டு. மூன்றாவது மாடிக்காரர் யாரோ வந்தார், கட்டடத்துக் காவலாளியிடம் சாவி இருக்கிறதாம், லிப்ட் ஓடவில்லையாம். இழுப்பு மெலிந்துகொண்டே வந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனும் நானும் சின்ன வயதிலிருந்து தொட்டுப் பேசியதில்லை.

கதவு திறந்த சத்தம். டார்ச், டார்ச் என்று ரோசா யாரையோ கத்தினாள். உலோகம் உலோகத்தில் உரசியது. புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் ரோடு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூச்சு வருகிறது, உதடு நீலமாக இருக்கிறது, ஆனால் வருகிறது என்றாள் ரோசா. விடியும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனதாக டேனியல் எழுதியபோது வீரபாண்டியில் அம்மா சட்டியை இறக்கிவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

5

டேனியல் அனுப்பிய அறிக்கையில் அந்த இரவு வெற்றி. திட்டம் வேலை செய்தது, உயிரிழப்பு இல்லை. பேசாமல் இருந்திருந்தால் எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த காற்றுக்கும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள், யாரோ ஒருவர் நல்லாருக்கேன் என்பார். நான் செய்ததை நானே எழுதி அனுப்பினேன். தனியுரிமை மீறல் என்று விசாரணை வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம் முக்கியம் என்றார்கள். அதாவது பெரியப்பா.

பெரியப்பா என்மேல் கடும் கோபத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்து, “ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டியே, அந்த ரோசாப் புள்ள இப்ப என்னயப் பாவம் பாக்குது” என்று சொல்லி வைத்துவிட்டார். விசாரணையில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை போய்விடும்.

விசாரணை வீடியோவில் நடந்தது. அங்கே காலை, இங்கே சாயங்காலம். மார்க்கையன்கோட்டை வீட்டில் கரண்ட் இல்லை, அண்ணன் இன்வெர்ட்டரில் விளக்கை அணைத்து என் லேப்டாப்பை மட்டும் ஓடவிட்டான். அம்மா கேமராவுக்குப் பின்னால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். திரையில் தனியுரிமை அதிகாரி, டேனியல், ஒரு கட்டத்தில் ரோசா பிடித்திருந்த போனில் பெரியப்பா. நான் மொழிபெயர்க்கக் கூடாது, என் விசாரணை ஆயிற்றே. அதற்காக யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவரை வரவழைத்திருந்தார்கள்.

அதிகாரி வழக்கமான உபசாரத்தோடு தொடங்கினார். அந்த அம்மாள் தமிழாக்கினார்.

“ஐயா, நீங்கள் சுகமாய் இருக்கிறீங்களோ?”

பெரியப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். மெஷின் சத்தம் கடகடவென்று கேட்டது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல. நல்லா இல்ல. மூச்சு வாங்குது. தனியாக் கெடக்கப் பயமா இருக்கு.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டேனியல் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டாரிடம் உங்கள் நோயைச் சொன்னதை ஆட்சேபிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார்.

“கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோவந்தேன். ஆனா கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இனிமே இப்பிடி ஆனா அவ சொல்லட்டும். எனக்கு வாயி வராது. கூட இருக்குறவுகதேன் சொல்லணும்.”

“அவர் சம்மதிக்கிறார்” என்று ஆங்கிலத்தில் முடித்தார் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்ததாக நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார்.

கீரை ஆய்கிற சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பெரியப்பா பேசியது அத்தனையும் கேட்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மைக்கை அணைத்தேன்.

“ஒங்க அப்பாவும் இதத்தான் சொன்னாக. எனக்கு வாயி வரலடி, நீ புள்ளகிட்ட சொல்லிரு, வந்து பாக்கட்டும்னாக. ரெண்டு தடவ சொன்னாக. நீ அங்கன பதறுவியேன்னு நாந்தேன் சொல்லல.”

திரையில் எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்று டேனியல் தன் காதைத் தொட்டுக் காட்டினான்.